கம்பி பளபளன்னு இருக்கு சரி, செவுத்துல நிக்குமா?

துபாய்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. கீழக்கரைல பழைய காலத்து வீடு, உம்மாவுக்கு 73 வயசு, போன மாசம் சுபுஹு (விடியக்காலை) தொழுகைக்கு முந்தி ஒளு எடுக்கும்போது, அதாவது கை கால் முகம் கழுவும்போது, கால் வழுக்கி விழுந்துட்டாங்க, நல்லவேளை எலும்பு முறியல. ஒரு கான்ட்ராக்டர் வீடு முழுக்க டைல்ஸ், வாசல்ல சாய்தளம், பாத்ரூம்ல புடிச்சுக்க செவுத்துல மாட்டுற கம்பி எல்லாம் சேத்து 'சீனியர் சிட்டிசன் பேக்கேஜ்'னு 4.8 லட்சம் கேக்குறாராம். ஒரு மாச லீவுல வர்றேன், செஞ்சிரலாமான்னு கேக்குறாரு.

தம்பி, அவசரப்பட்டு அட்வான்ஸ் குடுத்துறாதீங்க. உம்மா விழுந்தது ஹால்ல இல்ல, ஒளு எடுக்குற எடத்துல, அதுவும் ஒரு கால தூக்கி குழாய்க்கு நேரா நீட்டுற அந்த நேரத்துல. இருட்டு பிரியாத நேரம், தூக்கக் கலக்கம், கீழ ஈரம், ஒத்தக்கால்ல நிக்கணும், புடிக்க ஒண்ணும் இல்ல, இத ஒரு நாளைக்கு அஞ்சு வேள செய்றாங்க. அதனால மொத வேலை அவங்கள உக்கார வைக்கிறது. செங்கல் வச்சு 17, 18 இஞ்ச் உயரத்துல ஒரு திட்டு, முன்னாடி தாழ்வா ஒரு குழாய், கால தூக்காம அப்படியே நீட்டி கழுவுற மாதிரி தண்ணி ஓட வாட்டம், எந்திரிக்கும்போது புடிக்க பக்கத்துல ஒரு கம்பி. கொத்தனாருக்கு ரெண்டு நாள் வேலை. கொட்டேஷன்ல இது இருக்கான்னு பாருங்க, இருக்காது, ஏன்னா இதுல கமிஷன் கிடையாது.

இப்ப கம்பிக்கு வர்றேன், எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் இதுலதான். கடையில காந்தத்த வச்சு காட்டுவாங்க, ஒட்டல பாருங்க, அசல் 304 ஸ்டீல்னு (சீக்கிரம் துரு புடிக்காத நல்ல கிரேடு அது). அது ஒரு டெஸ்ட்டே இல்ல. விலை கம்மியான 202 ஸ்டீல்லயும் காந்தம் ஒட்டாது. நிக்கலுக்கு பதிலா மாங்கனீஸ் கூட்டி செய்றது அது, நம்ம உப்புக்காத்துக்கு சீக்கிரமே புள்ளி புள்ளியா துரு புடிச்சிரும். பழைய இரும்பு வாங்குற கடைக்காரங்க கிட்ட ஒரு டெஸ்டிங் மருந்து இருக்கும், ஒரு சொட்டு விட்டா 202ன்னா செவப்பா மாறும், அத வச்சு பாருங்க. பில்லுல கிரேடு நம்பர் எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னு சொன்னா அந்த கடைய விட்டு வெளிய வந்துருங்க. கடலுக்கு பக்கத்துல 316 கிடைச்சா அதுதான் நல்லது, மாலிப்டினம் சேத்தது, உப்புக்கு தாங்கும். கம்பியோட தடிமன் ஒண்ணேகால்ல இருந்து ஒன்றரை இஞ்ச், செவுத்துக்கும் கம்பிக்கும் நடுவுல ஒன்றரை இஞ்ச் சந்து. மாடிப்படி கைப்பிடிக்கு போடுற ரெண்டு இஞ்ச் பைப்ப வெட்டி மாட்டிட்டு போவாங்க, வயசானவங்க விரல் அத சுத்தி மடங்காது.

ஸ்க்ரூவையும் அதே கிரேடுல வாங்குங்க. பெரியபட்டினத்துல ஒரு வீட்டுல பாத்தேன், கம்பி கண்ணாடி மாதிரி இருந்துச்சு, நான் புடிச்சு லேசா இழுத்தேன், கையோட வந்துருச்சு. உள்ள ஸ்க்ரூ இருந்த ஓட்டைல காவி கலர்ல தூள்தான் இருந்துச்சு. அந்த வீட்டு பெரியம்மா தினமும் காலைல அத நம்பித்தான் எந்திரிச்சிருக்காங்க. ரப்பர் வச்சு செவுத்துல அமுக்கி ஒட்டுற கம்பி ஆன்லைன்ல விக்கிது, அத வாங்கவே வாங்காதீங்க.

உங்க வீடு பழைய வீடுன்னு சொன்னதால ஒண்ணு விளக்கமா சொல்லணும். செங்கல் செவுருன்னா ட்ரில் போட்டு ஆங்கர் போல்ட் அடிச்சா நிக்கும். ஆனா நம்ம கரையோரத்துல பழைய வீடுங்க பலது கடல்ல வெட்டி எடுத்த பவளக்கல்லும் சுண்ணாம்பும் வச்சு கட்டுனது (2001ல இருந்து பவளம் எடுக்குறது சட்டப்படி குத்தம், அதுக்கு முந்தி கட்டுனது இதெல்லாம்). அந்தக் கல்லு உள்ள பூரா துளை துளையா இருக்கும், ட்ரில் போட்டா மாவு மாதிரி கொட்டும், போல்ட் புடிக்காது. மேல டைல்ஸ் ஒட்டியிருக்கறதால வெளிய ஒண்ணும் தெரியாது, கான்ட்ராக்டரும் அடிச்சுட்டு போயிருவாரு. அதனால மொதல்ல ஒரு ஓட்டை போட்டு என்ன தூள் வருதுன்னு நின்னு பாருங்க. செவப்பா வந்தா செங்கல். வெள்ளையா பொலபொலன்னு கொட்டுனா செவுத்த மறந்துருங்க, தரையில காங்கிரீட்டுக்குள்ள பதிச்சு நிக்கிற மாதிரி கம்பி போடுங்க. இல்லன்னா செவுத்த முழுசா துளைச்சு, ரெண்டு பக்கமும் அகலமா தகடு வச்சு போல்ட்ட முறுக்கணும். கலவையால பூசி சரி பண்ணிரலாம்னு சொன்னா கேக்காதீங்க. ஹாலோ பிளாக் செவுருக்கும் இதே கதைதான்.

ஹால் டைல்ஸ் வேண்டவே வேண்டாம். பழைய சிமெண்ட் தரையில வழுக்காம நடந்து பழகுனவங்கள வழவழப்பான டைல்ஸ்ல நடக்க விட்டா அப்புறம்தான் விழுவாங்க. பாத்ரூமுக்கு மட்டும் சொரசொரப்பான டைல்ஸ், கடையிலேயே சோப்புத் தண்ணி ஊத்தி வெறுங்கால்ல ஏறி நின்னு பாத்து வாங்குங்க. பாத்ரூம் கதவு வெளிய பாத்து தெறக்கணும், உள்ள விழுந்து கதவ அடைச்சிட்டு கெடந்தா யாரும் போய் தூக்க முடியாது.

சாய்தளமும் இப்ப வேண்டாம். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும். உங்க வாசல் மூணு படி, ஒன்றரை அடின்னு வச்சாக்கூட 18 அடி, தெருவுலதான் போய் நிக்கும். ஆறடில செங்குத்தா கட்டிட்டு போவாங்க, அதுல நடக்குறத விட படி எவ்வளவோ மேல், படிக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி போடுங்க. அதோட ஒவ்வொரு தடவ ரோடு போடும்போதும் பழைய ரோட்ட சொரண்டாம மேலேயே போட்டு தெருவ ஏத்திக்கிட்டே போறாங்க. சொரண்டிட்டுத்தான் போடணும்னு 2021லயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டாச்சு, எங்க தெருவுல இன்னும் யார் கேக்குறா? இன்னிக்கு அளவெடுத்து கட்டுற சாய்தளம் அடுத்த ரோட்டுக்கு அப்புறம் அளவுக்கு வராது.

இன்னொண்ணு, வயசானவங்க வீட்ட மாத்திக் கட்ட சென்ட்ரல் கவர்மெண்ட் மானியம் வாங்கித் தர்றேன்னு ஆதார் ஜெராக்ஸும் பணமும் கேட்டு ஆளுங்க வருவாங்க. அவங்க சொல்றது 2017ல வந்த ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா. அதுல வீட்டு வேலைக்கு ஒத்த ரூபா கிடையாது. வருமானம் கம்மியா உள்ள, 60 வயசு தாண்டினவங்களுக்கு கைத்தடி, வாக்கர், வீல்சேர், காது மெஷின் மாதிரி சாமான் முகாம்ல இலவசமா குடுப்பாங்க, அவ்ளோதான். பணம் கேட்டா திருப்பி அனுப்புங்க.

லீவுல வந்ததும் எதையும் உடைக்கிறதுக்கு முந்தி, ஒரு விடியக்காலைல உம்மா ஒளு எடுக்கும்போது பக்கத்துலயே நின்னு பாருங்க. அவங்க கை எந்த எடத்துல செவுத்த தேடுதுன்னு தெரியும், அங்க ஏற்கனவே கை பட்டு பட்டு அழுக்குத் தடம் இருக்கும். அந்த தடத்துல பென்சில்ல கோடு போட்டுருங்க. கம்பி அந்த உயரத்துலதான் வரணும், கான்ட்ராக்டர் சொல்ற உயரத்துல இல்ல.