எச்சரிப்பைக் கேட்ட பிறகு

கேள்வி: எங்கள் ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றி வருகிறது. இன்ன மாதத்திற்குள் தேவனுடைய நியாயத்தீர்ப்பு தேசத்தின் மேல் வரும் என்று ஒருவர் அதில் தீர்க்கதரிசனமாகச் சொல்கிறார். சிலர் பயந்துபோய்ப் பொருள்களை வாங்கிச் சேர்க்கிறார்கள். சிலர் கேலி செய்கிறார்கள். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. தேவன் தீர்மானித்துவிட்டார் என்றால் ஜெபித்து என்ன பயன்? ஜெபத்தினால் அது மாறிவிட்டால் தீர்க்கதரிசனம் பொய்யாகிவிடாதா? இந்தப் பதிவை நான் மற்றவர்களுக்கு அனுப்பலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தீர்க்கதரிசனம் பொய்யாகிவிடாதா என்று நீங்கள் கேட்பதைத்தான் நினிவே நகரத்துக்கு அனுப்பப்பட்ட தீர்க்கதரிசி யோனாவும் மனதில் வைத்துக் குமைந்தார் என்று நினைக்கிறேன். இன்னும் 40 நாளில் நினிவே கவிழ்க்கப்பட்டுப்போகும் என்று அவர் அறிவித்த செய்தியில் 'மனந்திரும்பினால் தப்பலாம்' என்ற நிபந்தனை எங்கும் இல்லை. ஆனாலும் அந்த ஊரின் ராஜா சிங்காசனத்தை விட்டிறங்கி, உடுத்தியிருந்ததைக் களைந்து, இரட்டுடுத்திச் சாம்பலில் உட்கார்ந்தான். அவனுக்கு யாரும் வாக்குறுதி தரவில்லை. ஒருவேளை தேவன் மனமிரங்குவார், யாருக்குத் தெரியும் என்பது மட்டுமே அவனுடைய பிடிமானம். அழிப்பது ஒன்றே தேவனுடைய நோக்கமாக இருந்திருந்தால் முன்னறிவிப்பும் 40 நாள் தவணையும் எதற்கு? தவணை கொடுத்ததிலேயே இரக்கம் இருந்தது. அதை நன்றாக அறிந்திருந்ததால்தான், நீர் இரக்கமுள்ளவர் என்று தெரிந்தே ஓடிப்போனேன் என்று யோனா நான்காம் அதிகாரத்தில் கோபித்துக்கொள்கிறார். எரேமியா 18ஆம் அதிகாரம், குயவன் வீட்டைக் காட்டி, இதை விதியாகவே கூறுகிறது: ஒரு ஜாதியைப் பிடுங்குவேன் என்று கர்த்தர் சொன்ன பின்பு அது தன் தீங்கைவிட்டுத் திரும்பினால், அவரும் செய்ய நினைத்த தீங்கைச் செய்யாதிருப்பார். ஆகவே நினிவே தப்பியதால் யோனா பொய்த் தீர்க்கதரிசி ஆகிவிடவில்லை. (கவிழ்க்கப்படுதல் என்பதற்கு அங்கே வரும் எபிரெயச் சொல்லுக்கு அடியோடு மாறிப்போதல் என்ற பொருளும் உண்டு. அப்படிப் பார்த்தால் நினிவே உண்மையிலேயே கவிழ்ந்துதான் போனது.)

தேவன் தீர்மானித்துவிட்டார் என்றால் என்ன பயன் என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. அதற்கு நினிவேயைவிட, யூதாவை ஆண்ட யோசியா ராஜாதான் சரியான பதில். அவருடைய ஆட்சியின் 18ஆம் ஆண்டில் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைக்கிறது. சம்பிரதியாகிய சாப்பான் அதை ராஜாவுக்கு முன் வாசிக்கிறார். வாசிக்கக் கேட்டதும் ராஜா தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்கிறார். பின்பு தீர்க்கதரிசியாகிய உல்தாளிடம் ஆள் அனுப்பி விசாரிக்கிறார். உல்தாள் மழுப்பவில்லை. எழுதப்பட்ட பொல்லாப்பு இந்த இடத்தின் மேல் வரத்தான் போகிறது, ஆனால் உன் இருதயம் இளகினபடியால் உன் கண்கள் அதைக் காண்பதில்லை என்பதே அவர் சொல்லியனுப்பிய பதில். ஊருக்கு வரும் தீர்ப்பு விலக்கப்படாது என்று தெரிந்துவிட்டது. தனக்கு விலக்கு உண்டு என்பதும் தெரிந்துவிட்டது. நம்மில் பலர் அந்த இடத்தில் நிம்மதிப் பெருமூச்சு விட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்போம். யோசியாவோ அதற்குப் பின்புதான் சிறியோர் பெரியோர் அனைவரையும் கூட்டி, புஸ்தகத்தை அவர்கள் கேட்க வாசித்து, உடன்படிக்கை பண்ணி, விக்கிரகங்களை அகற்றி, பஸ்காவை ஆசரித்தார். பலனைக் கணக்கிட்டு அவர் கீழ்ப்படியவில்லை; தேவன் பேசினார் என்பதே அவருக்குப் போதுமான காரணமாக இருந்தது. விசுவாசம் என்று நான் விளங்கிக்கொள்வது இதைத்தான்.

சுமார் 18 ஆண்டுகளுக்குப் பின் எருசலேம் அரண்மனையில் அவருடைய மகன் யோயாக்கீம் உட்கார்ந்திருக்கிறான். ஒன்பதாம் மாதம், குளிர்காலம். முன்னால் கணப்பு எரிந்துகொண்டிருக்கிறது. தீர்க்கதரிசி எரேமியா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் பாருக் எழுதிய சுருளை யூதி என்பவன் வாசிக்கிறான். மூன்று நாலு பத்திகளை வாசிக்கும்தோறும் ராஜா அந்தப் பகுதியைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். கடைசிச் சுருள்வரை அப்படியே நடக்கிறது. எரிக்க வேண்டாம் என்று கெஞ்சியவர்களில் ஒருவர் கெமரியா, அன்று யோசியாவுக்கு வாசித்த அதே சாப்பானின் மகன். தகப்பன் யோசியா வசனத்தைக் கேட்டு வஸ்திரத்தைக் கிழித்தார். மகன் யோயாக்கீம் வசனத்தையே கிழித்தான். இந்த ஒப்புமையை நான் வலிந்து கொண்டுவரவில்லை. ராஜாவும் ஊழியக்காரரும் பயப்படவும் இல்லை, வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்ளவும் இல்லை என்று எரேமியா 36ஆம் அதிகாரமே குறித்து வைத்திருக்கிறது. எரிந்துபோன சுருள் மறுபடியும் எழுதப்பட்டது, இன்னும் அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன. கி.மு. 586இல் எருசலேம் விழுந்தது.

இனி அந்தக் குரல் பதிவு. தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருங்கள் என்று சொல்லும் பவுலே அடுத்த வரியில் எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள் என்கிறார். ஆகவே கேலி செய்பவர்கள் முதல் வரியை விட்டுவிட்டார்கள், பதறுகிறவர்கள் இரண்டாவதை விட்டுவிட்டார்கள். கர்த்தர் கற்பியாததைத் துணிந்து சொல்பவனைக் குறித்து உபாகமம் 18ஆம் அதிகாரம் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறது என்று வாசித்துப்பாருங்கள். கர்த்தருடைய வருகைக்கே தேதி குறித்து 1844 அக்டோபர் 22ஆம் தேதி அமெரிக்காவில் காத்திருந்தவர்களின் ஏமாற்றத்தையும் மறந்துவிட வேண்டாம். நான் முதலில் கவனிப்பது பேசுகிறவரின் குரலைத்தான். வெட்டுக்கிளிகளையும் அக்கினியையும் தரிசனத்தில் கண்ட தீர்க்கதரிசி ஆமோஸ், இஸ்ரவேல் ஜனத்தை மனதில் வைத்து, யாக்கோபு சிறியவன், அவன் தாங்கமாட்டான் என்று இரண்டு முறை மன்றாடினார். அழிவை அறிவிக்கும்போது உள்ளூர மகிழ்கிறவர், பாவம் எல்லாம் பிறரிடமே இருப்பதாகப் பேசுகிறவர், முடிவில் காணிக்கைக்கான வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்கிறவர் ஆகியோரிடம் அந்தத் துயரம் இல்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்ற ஆராய்ச்சியை இயேசு அனுமதிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனந்திரும்பச் சொன்னார்.

பொருள்களை வாங்கிச் சேர்ப்பவர்களுக்கு அப்போஸ்தலர் 11ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். கொடிய பஞ்சம் வரும் என்று அகபு என்னும் தீர்க்கதரிசி அந்தியோகியாவில் அறிவித்தபோது, சீஷர்கள் தங்கள் களஞ்சியங்களை நிரப்பியதாக அங்கே எழுதப்படவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்து, யூதேயாவிலிருந்த சகோதரருக்கு பர்னபா, சவுல் ஆகியோர் கையில் கொடுத்தனுப்பினார்கள்.

பதிவை இப்போதைக்கு யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்களுக்கு அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து, பேசியவர் யார், எந்தச் சபையின் மேற்பார்வையில் இருக்கிறார், இதற்கு முன் அவர் சொன்னவை என்னவாயின என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்கும் தெரிந்திருக்காது. அப்படியானால் உங்கள் போதகரிடம் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். குழுவில் பயந்து தூக்கமிழந்தவர்கள் யாராவது இருந்தால், அவர்களோடு உட்கார்ந்து, கோபத்திலும் இரக்கத்தை நினைத்தருளும் என்று ஆபகூக் செய்த ஜெபத்தைச் சேர்ந்து வாசியுங்கள். மூன்றாம் அதிகாரம், இரண்டாம் வசனம்.