பின் பிரேக் பிடிக்காத பழைய கொரோலா: முதலில் பார்க்க வேண்டியது

வணக்கம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும்போது பெடல் பாதிக்கு மேல் தாழ்கிறது என்றும், பின் சில்லுகளுக்குப் புதிய லைனர் (உராய்ந்து பிரேக் பிடிக்கும் பட்டை) போட்ட பிறகும் ஹேண்ட்பிரேக் சரிவில் வண்டியைத் தாங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இவ்விரண்டும் சேர்ந்து வருவதால், லைனருக்கும், சில்லுடன் சுழலும் டிரம்முக்கும் இடையிலான இடைவெளி கூடிவிட்டதாகவே கருதுகிறேன். நின்ற இடத்திலேயே ஹேண்ட்பிரேக்கைச் சற்று இழுத்து வைத்துக்கொண்டு மிதித்துப் பாருங்கள். பெடல் உயர்ந்து இறுகினால் ஐயம் உறுதியாகும்.

இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் பற்சக்கரம், நம் மலையக மழையிலும் சேற்றிலும் துருவேறி அசையாமல் நின்றுவிடுவதுண்டு. முதலில் ஹேண்ட்பிரேக் கேபிளை முழுவதும் தளர்த்தி, டிரம்மைக் கழற்றி, அந்தப் பற்சக்கரத் திருகின் துருவை நீக்கிச் சிறிது கிரீஸ் பூசிய பின், டிரம்மை மாட்டிச் சுழற்றும்போது லேசாக உரசும் வரை திருப்புங்கள். கேபிளை அதன் பிறகே இறுக்க வேண்டும். கேபிளை மட்டும் இறுக்கி அனுப்பும் கராஜை நம்பாதீர்கள். தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம், பழைய லைனர்களில் கல்நார் இருக்கலாம்.

வீல் சிலிண்டரின் (லைனரை டிரம்மை நோக்கித் தள்ளும் சிறு உருளையின்) ரப்பர் உறைக்குள் பிரேக் எண்ணெய் கசிந்திருந்தால் சிலிண்டரையும், எண்ணெய் ஊறிய லைனரையும் மாற்றியே ஆக வேண்டும். டிரம்மின் உள்விட்டத்தையும் அளந்து, அதில் வார்த்துள்ள உச்ச விட்டத்துடன் ஒப்பிடுங்கள்.

பிரேக் ஒயிலையும் புதிதாக மாற்றுங்கள்: டொட் 3 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஈரம் உறிஞ்சினால் 140 வரை இறங்கலாம். வேலை முடியும் வரை அந்த இறக்கத்தில் வண்டியை எடுக்க வேண்டாமென்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.