சில்லோடு சில்லு தட்டினால்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கச்சான் காற்று அடித்த ஒரு ஞாயிறு, ஆறு பேர் திருகோணமலை நகரிலிருந்து குச்சவெளிக்குச் சைக்கிளில் போய்த் திரும்பினோம். வரும்போது சாம்பல்தீவுக்குக் கிட்ட மூன்றாவதாக வந்தவர் விழுந்தார். அவருடைய முன்சில்லு, முன்னால் போனவரின் பின்சில்லில் தட்டிவிட்டது. முன்னால் போனவர் ஆடக்கூட இல்லை. பிழை யாரில்?
– வாசகர், உவர்மலை

பதில்: இடைவெளி வைத்திருப்பது பின்னால் வருபவரின் வேலை. ஆனால் அதோடு பேச்சை முடித்தால் அடுத்த முறையும் ஒருவர் விழுவார்.

முதலில், ஏன் அவர் மட்டும் விழுந்தார் என்று பாருங்கள். சைக்கிள் ஓடும்போது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சில்லை நாம் அறியாமலே கொஞ்சம் திருப்பிக்கொண்டிருக்கிறோம். விழாமல் இருப்பது அதனால்தான். முன்னவருடைய பின்சில்லில் தட்டினாலும் ஹாண்டில் அவர் கைவசம் இருக்கிறது, சமாளித்துவிடுவார். பின்னவருக்கோ திருப்ப வேண்டிய சில்லே மறிபட்டுப் போகிறது. சில்லு ஒரு பக்கம் தள்ளுப்பட, உடம்பு மறுபக்கம் போகும்.

இனிக் காற்று. கச்சான் மேற்கிலிருந்து வருவது. நிலாவெளி வீதியில் வடக்கே போகும்போது அது உங்கள் இடக்கைப் பக்கம். காற்று மறைவு கிடைப்பது முன்னவருக்கு நேர் பின்னால் அல்ல, சற்று வலப்புறம், அதாவது பஸ் வரும் பக்கம். திரும்பி வரும்போது காற்று வலக்கைப் பக்கமாகிவிடும். மறைவு தேடி எல்லோரும் இடப்புறம், தார் முடிந்து மணல் தொடங்கும் கரைக்கு ஒதுங்குவார்கள். முன்சில்லு முன்னவரின் பின்சில்லுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பிறகு கரையில் ஒரு குழி, முன்னவர் ஓர் அங்குலம் விலகுகிறார், அவ்வளவுதான். உங்கள் ஆள் விழுந்ததும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

ஆகவே குறுக்குக் காற்று நாளில் மறைவை மறந்துவிடுங்கள். ஒருவர் பின் ஒருவராக, புதியவர்கள் ஒரு சைக்கிள் நீள இடைவெளியில் ஓடட்டும். 30 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 8 மீற்றர் போகிறீர்கள். கண்டபின் பிறேக் பிடிக்க அங்கே நேரம் இல்லை. முன்னவரின் சில்லையே பார்த்துக்கொண்டு ஓடாமல் அவருடைய தோளுக்கு மேலால் வீதியைப் பாருங்கள். வேகம் குறைக்க பிறேக்கைத் தொடுவதற்கு முன் மிதிப்பதை நிறுத்தி நிமிர்ந்து இருங்கள், காற்றே இழுத்துப் பிடிக்கும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: பாலத்து ஏற்றத்தில் முன்னவர் இருக்கையிலிருந்து எழும்பி மிதித்தால் அவருடைய சைக்கிள் ஒரு கணம் பின்னுக்கு வரும். எழும்புமுன் ஒரு குரல் கொடுப்பதும், கியரை ஒரு பல் கனமாக்கிவிட்டு எழும்புவதும் நல்ல பழக்கம்.

கேள்வி: விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்தித் தண்ணீர் கொடுத்தோம். செய்தது சரியா?
– வாசகி, உப்புவெளி

பதில்: தூக்கியது சரியில்லை. முதலில் ஒருவர் 50 மீற்றர் பின்னுக்குப் போய் வாகனங்களுக்குக் கை காட்ட வேண்டும், இன்னொருவர் சைக்கிள்களைத் தாரிலிருந்து இறக்க வேண்டும். விழுந்தவர் தானாக எழும்பும்வரை கிடக்கட்டும். கழுத்து அல்லது முதுகு நோகிறதா, கை கால் விறைக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் அசைக்காமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

அடுத்தது தலை. இப்போது எங்கே நிற்கிறோம், எங்கே திரும்பினோம், இன்று என்ன கிழமை என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம், கேட்டதையே திரும்பக் கேட்டல், சத்தி, தூக்க மயக்கம், கூடிக்கொண்டு போகும் தலையிடி, இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். "எனக்கு ஒன்றுமில்லை, ஓடுவேன்" என்று அவர் சொல்வதை அந்த நேரத்தில் எடுக்க வேண்டாம். வீட்டில் 24 மணி நேரம் கூட ஆள் இருக்க வேண்டும்.

கையை ஊன்றி விழுந்திருந்தால் கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் காறை எலும்பைத் தடவிப் பாருங்கள். பெருவிரலை விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டோரம் ஒரு குழி தெரியும். அங்கே அழுத்தும்போது நொந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அந்தச் சிறிய எலும்பின் வெடிப்பு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. 10 முதல் 14 நாளில் மீண்டும் எடுக்கச் சொல்வார்கள், சுளுக்கு என்று எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காதீர்கள்.

கேள்வி: முழங்காலிலும் தொடையிலும் தோல் உரசிப் போயிருக்கிறது. காயவிடுவதா, கட்டுவதா?
– வாசகர், கிண்ணியா

பதில்: மூடிக் கட்டுங்கள். காய்ந்து பொருக்குப் பிடித்த காயம் ஒவ்வொரு மடக்கலுக்கும் வெடிக்கும். சுத்தமான தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, சோப்புப் போட்டு, ஈரத் துணியால் மணலையும் தார்த் துகளையும் எடுத்துவிடுங்கள். நோகும். ஆனால் உள்ளே விட்ட துகள் தோலுக்குள் கறுப்பாகவே நின்றுவிடும். எடுக்க முடியாத மண்ணை ஆஸ்பத்திரியில் விறைக்க வைத்து எடுப்பார்கள். ஸ்பிரிட், தண்ணீர் கலக்காத டெற்றோல், பற்பசை, பவுடர் எதுவும் வேண்டாம். மெல்லியதாக வாஸ்லின் பூசி, ஒட்டாத கோஸ் வைத்துக் கட்டி, நாளாந்தம் மாற்றுங்கள். சுற்றிலும் சிவப்புப் படர்ந்தால், சூடு கூடினால், சீழ் கண்டால் காட்ட வேண்டும். மண் பட்ட காயம் என்பதால், கடைசியாக ஏற்பு ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: சைக்கிள் பார்வைக்கு நன்றாக இருக்கிறது. அப்படியே ஓடி வரலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு. ஹாண்டில் கோணியிருந்தால் முன்சில்லை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு, அலன் கீயால் ஸ்டெம் (ஹாண்டிலைப் பிடித்திருக்கும் துண்டு) ஆணிகளைத் தளர்த்தி நேராக்குங்கள். இரண்டு சில்லையும் தூக்கிச் சுற்றுங்கள். றிம் பிறேக் கட்டையில் உரசினால் சில்லுக் கம்பி ஒன்று தளர்ந்திருக்கலாம். ரயரின் பக்கச் சுவர் கிழிந்து ரியூப் பிதுங்கினால், காற்றை இறக்கி, உள்ளே ஒரு 20 ரூபாய் நோட்டை மடித்து வைத்து, குறைந்த காற்றோடு மெல்ல வீடு வரலாம்.

உண்மையான ஆபத்து வலப்பக்கம் விழுந்த சைக்கிளில் இருக்கிறது. பின்னால் கியர் மாற்றியைப் பிடித்திருக்கும் ஹாங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டு உள்நோக்கி வளைந்திருக்கும். சாதாரண கியரில் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் ஆகப் பெரிய பல்லுக்குப் போட்டதும் கியர் மாற்றி கம்பிகளுக்குள் புகுந்து, சில்லையும் உடைத்துவிடும். பின்னால் நின்று பாருங்கள், கியர் மாற்றியின் கூடு, அதாவது செயின் ஓடும் கீழ்ப்பகுதி, சில்லுக்குச் சமாந்தரமாகத் தொங்க வேண்டும். வளைந்திருந்தால் கையால் நிமிர்த்தாமல், நடுப்பற்களில் மட்டும் ஓடி வந்து கடையில் கொடுங்கள். காபன் பிறேமில் ஒரு கீறலாவது ஆழமாகத் தெரிந்தால் ஓட வேண்டாம், ஓட்டோவில் ஏற்றுங்கள்.

கேள்வி: ஹெல்மெட்டில் கீறல் மட்டும்தான். மாற்ற வேண்டுமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: தலை நிலத்தில் பட்டிருந்தால் ஆம். உள்ளே இருக்கும் ரெஜிபோம் ஒரு தரம் நசிந்துதான் அடியை வாங்குகிறது, நசிந்தது மீளாது, வெளியே தெரியவும் தெரியாது. பழையதை இன்னொருவருக்குக் கொடுக்காமல் பட்டியை வெட்டி எறியுங்கள்.