மூளைக்காய்ச்சல் ஊசி: கேள்வி பதில்

கோபிச்செட்டிபாளையம்: அப்பாவுக்கு பாக்டீரியா மூளைக்காய்ச்சல். செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி ஊசியை 12 மணிக்கொருமுறை 2 கிராம் போடுகிறார்கள். நிமோனியாவுக்கு தினம் ஒரு கிராம்தானே போட்டார்கள்? அதிகமில்லையா ஐயா?

பதில்: இல்லைங்க அம்மணி, பெரியவர்களுக்கு இந்த நோய்க்கு அதுதான் அளவு. நுரையீரலுக்குள் மருந்து சுலபமாகப் போய்விடும். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் முதுகுத்தண்டு நீருக்குள் போவது கஷ்டம். அங்கே ரத்தக்குழாய்ச் சுவரின் செல்கள் இடுக்கே இல்லாமல் ஒட்டியிருக்கும். தவிர, இந்த மருந்தில் பெரும்பகுதி ரத்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், மிச்சம்தான் கடக்கும். நோயில் மூளை உறை வீங்கும்போது அந்தச் சுவர் தளர்ந்து மருந்து கூடுதலாக உள்ளே போகும். காய்ச்சல் விட்டு வீக்கம் வற்றினால் போவதும் குறையும். அதனால் தேறிவிட்டார் என்று அளவைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

திருப்பூர்: ஊசிக்குப் பதில் மாத்திரை தரலாமா?

பதில்: வேண்டாங்க. தண்டுநீரில் போதுமான அளவு சேராது.

பொள்ளாச்சி, பார்மசி மாணவர்: வீக்கம் இருந்தால்தான் மருந்து போகும் என்கிறீர்கள். அப்புறம் ஏன் வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு?

பதில்: சரியான இடத்தில் பிடித்தாய் கண்ணு. மருந்து பட்டுச் சாகும் கிருமியின் சிதறல்களே வீக்கத்தைக் கிளப்பிவிடும். காது கேளாமல் போவதும் மூளை பாதிப்பதும் அதனால்தான். ஆகவே கிருமிக்கொல்லியின் முதல் ஊசிக்குச் சற்று முன்போ கூடவோ டெக்ஸாமெத்தசோனைப் போட வேண்டும். செஃப்ட்ரியாக்சோனை இந்தப் பெரிய அளவில் போடுவதால், வீக்கம் குறைந்தாலும் போதுமானது உள்ளே போய்விடும்.

அதே மாணவர்: கூடவே போடும் இன்னொரு கிருமிக்கொல்லியான வான்கோமைசின்?

பதில்: அதற்கு நீ சொல்வது பொருந்தும். பெரிய மூலக்கூறு, வீக்கம் குறைந்தால் உள்ளே போவதும் குறையும். அதனால்தான் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து டோஸைக் குறையாமல் வைக்கிறோம். டிபி மூளைக்காய்ச்சலையும் பார். அதற்கான மருந்துகளில் ஐசோனியசிட், பைரசினமைடு நன்றாகப் போகும். ரிஃபாம்பிசின் கொஞ்சம்தான். ஸ்ட்ரெப்டோமைசின் வீக்கம் இருந்தால்தான், அதுவும் சொற்பம். ஆனாலும் அங்கேயும் ஸ்டீராய்டு உயிரைக் காக்கிறது.

காங்கேயம்: கன்றுக்குட்டி கழுத்தை வளைத்துக்கொண்டு விழுகிறது, இதே ஊசி போடலாமா?

பதில்: கால்நடை டாக்டரை இன்றைக்கே கூப்பிடுங்கள்.

பெருந்துறை: 4 நாளில் காய்ச்சல் விட்டது. நிறுத்திவிடலாமா?

பதில்: கோபி அம்மணிக்குச் சொன்னதைப் படியுங்கள். நோய்க்குக் காரணம் நியூமோகாக்கஸ் என்ற கிருமி என்றால் 10 முதல் 14 நாள். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

தாராபுரம்: நோயைக் கண்டறிய முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகுமாமே?

பதில்: இதையும் எத்தனை பேர் கேட்பீர்கள்! தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் எலும்பருகே முடிந்துவிடும். ஊசி குத்துவது அதற்குக் கீழே. சிலருக்கு இரண்டொரு நாள் தலைவலி வரும். சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஸ்கேனுக்காக நீர் எடுப்பது தள்ளிப்போனால், மருந்தை முதலில் ஏற்றிவிடச் சொல்லுங்கள்.