பிரியாணியை முந்தின இரவே செய்து வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 56, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். இந்த வருஷம் என் கணவருக்கு பைபாஸ் நடந்தபோது பக்கத்து வீட்டு மலாய் அக்கா, பழைய வேலையிடத்துச் சீனத் தோழிகள், கோவில் நண்பர்கள் என்று எல்லாரும் மாறி மாறிச் சாப்பாடு கொடுத்தார்கள், மருத்துவமனைக்குக் கூட வந்தார்கள். தீபாவளிக்கு மறுநாள் அவர்கள் 18 பேருக்கும் என் கையால் சமைத்துப் போட ஆசை. கேட்டரிங் சொல்லலாம் என்கிறான் மகன், எனக்கு மனம் ஒப்பவில்லை. மட்டன் பிரியாணியும் கோழிக் குருமாவும் முந்தின இரவே செய்து, அடுப்பிலேயே மூடி வைத்துக் காலையில் சூடு பண்ணினால் போதுமா? போன வருஷம் அப்படிச் செய்ததில் இரண்டு பேருக்கு இரண்டு மூன்று மணி நேரத்திலேயே வாந்தி. வருகிறவர்களில் ஒருவர் 7 மாதக் கர்ப்பிணி. எனக்குச் சர்க்கரை உண்டு, மெட்ஃபார்மினும் கிளிபிசைடும் சாப்பிடுகிறேன். அன்று எல்லாரும் போன பிறகுதான் நான் சாப்பிடுவேன், மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டால் சரியா?

பதில்: உங்கள் கையாலேயே சமையுங்கள் அம்மா. ஆனால் பிரியாணியை முந்தின இரவு செய்து வெளியே வைக்காதீர்கள், மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி இருக்காதீர்கள். இரண்டில் எனக்கு அதிகம் பயம் தருவது இரண்டாவதுதான்.

முதலில் சோறு. போன வருஷம் வாந்தி எடுத்தவர்களை நான் பார்க்கவில்லை, ஆனாலும் நீங்கள் சொல்வது பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வேலைக்கு அப்படியே பொருந்துகிறது. அரிசியில் இது இயல்பாகவே இருக்கும். கொதிக்கும்போது கிருமி செத்தாலும் அதன் வித்துகள் சாகாது, சோறு மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கிவிடும். அந்த நஞ்சு சூட்டில் அழியாது. அதனால் காலையில் நீங்கள் எவ்வளவு நேரம் சூடு பண்ணியிருந்தாலும் பயன் இருந்திருக்காது, வாடையும் வந்திருக்காது, ருசி பார்த்தாலும் தெரிந்திருக்காது. உங்கள் கவனக்குறைவு என்று மனத்தைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம்.

இரவு பத்து மணிக்கு இறக்கிய பெரிய சட்டியில் காலை ஆறு மணிக்குக் கரண்டியை அடிவரை விட்டுப் பாருங்கள், மேல் சோறு ஆறியிருக்கும், நடுவில் இன்னும் வெதுவெதுப்பு இருக்கும். 'சூடு இருக்கே, கெட்டிருக்காது' என்று நாம் நினைத்துக்கொள்வது அதை வைத்துத்தான், ஆனால் கிருமிக்கு வேண்டியதும் அதே வெதுவெதுப்புதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் அது வேகமாகப் பெருகும், நம் ஊரின் வெக்கையில் சமையலறை மேடை எந்நேரமும் அதற்குள்தான் இருக்கிறது. குருமாவுக்கும் இதே கதைதான், அதில் வேறொரு கிருமி, அது பெரும்பாலும் மறுநாள் வயிற்றுப்போக்காக வந்து நிற்கும்.

வேலையைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் எல்லாம் நடக்கும். முந்தின நாள் வெங்காயம் நறுக்கிப் பொரித்துக்கொள்ளுங்கள், மட்டனை மசாலா தடவிப் பிரிஜ்ஜில் வையுங்கள் (மலாய் அக்காவுக்காக ஹலால் கடையில் வாங்கியிருப்பீர்கள், கடைப் பெயரையும் சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாகச் சாப்பிடுவார்). குருமாவை முந்தின நாளே செய்யலாம், ஆனால் சட்டியோடு விடாமல் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாதபடி அகலமான டப்பாக்களில் பிரித்து, ஆவி அடங்கியதும், எப்படியும் இரண்டு மணி நேரத்துக்குள், பிரிஜ்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் நடுவில் இருக்கும் கோழித்துண்டு வரை ஆவி பறக்கும்படி கொதிக்க வேண்டும், வெப்பமானி இருந்தால் 75 டிகிரி. அரிசியை மட்டும் அன்று காலை போடுங்கள். பத்து மணிக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டரைக்குத் தம் திறக்கலாம்.

மேசைக்கு மொத்தத்தையும் கொண்டுவராமல் பாதியைச் சிறு தீயில் சூடாகவே வைத்திருங்கள். கேட்டரிங் சாப்பாட்டில்கூட 'இத்தனை மணிக்குள் சாப்பிடவும்' என்று ஒட்டியிருப்பார்களே, நம் வீட்டுக்கும் அந்தக் கணக்குதான்: இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் இருந்ததைப் பிறகு சாப்பிடலாம் என்று எடுத்து வைக்க வேண்டாம், நான்கு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். வந்தவர்களுக்குத் தாபாவ் (வீட்டுக்கு எடுத்துப்போகும் பொட்டலம்) கட்டிக் கொடுக்காமல் உங்களால் இருக்க முடியாது என்று தெரியும். அதற்கானதைத் தம் திறந்ததுமே தனியாக எடுத்து, சிறு டப்பாக்களில் ஆறவைத்துப் பிரிஜ்ஜில் வைத்துக் கிளம்பும்போது கொடுங்கள்.

கர்ப்பிணிக்குத் தனிச் சமையல் தேவையில்லை. அவருக்குச் சூடாகப் பரிமாறுங்கள், அரைவேக்காட்டு முட்டை வேண்டாம், தயிர்ப்பச்சடியைப் பிரிஜ்ஜிலிருந்து கடைசியில் எடுங்கள். எல்லாருக்கும் முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பி முந்திரி, வேர்க்கடலை, இறால் ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று கேட்டுவிடுங்கள். கணவர் ஒரு தட்டு பிரியாணி சாப்பிடட்டும், நெய்யையும் உப்பையும் சட்டியிலேயே குறைத்துவிட்டால் அவரைத் தனியே தடுக்க வேண்டியிருக்காது.

அதையும் மீறி யாருக்காவது வாந்தி, பேதி வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். காய்ச்சல், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணியோ முதியவரோ என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

இப்போது உங்கள் மாத்திரை. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையைச் சட்டென்று இறக்குவது அரிது. கிளிபிசைட் அப்படியல்ல, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். காலையில் அதைப் போட்டுக்கொண்டு மதியம் மூன்று மணி வரை அடுப்படியில் நின்றால் ரத்தச் சர்க்கரை 4 mmol/Lக்குக் கீழே போகலாம். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். அடுப்புச் சூட்டில் வியர்க்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள், அங்கேதான் ஆபத்து. அப்படி வந்தால் உடனே அடுப்பை அணைத்து உட்காருங்கள், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிஷம் கழித்துச் சோதியுங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். மயங்கி விழுந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும் என்று மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வழக்கம்போல காலைச் சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொண்டு இட்லியோ ரொட்டியோ உட்கார்ந்து சாப்பிடுங்கள். பன்னிரண்டு மணிக்கு, முதல் ஆள் வந்து மணி அடிப்பதற்கு முன்னால், குருமாவோடு ஒரு சிறு தட்டு வெள்ளைச் சோறு உங்களுக்கு. மகன் கேட்டரிங்குக்குப் பதிலாக அந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும்: தட்டைக் கையில் கொடுத்து, நீங்கள் சாப்பிட்டு முடிக்கிற வரை அடுப்பை அவன் பார்த்துக்கொள்ளட்டும்.