சிங்பாஸைக் கொடுத்த மகன், சிம் கேட்கும் நண்பர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். டெலிகிராமில் பழக்கமான யாரோ 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருவதாகச் சொன்னதை நம்பித் தன் வங்கிக் கணக்கையும் சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் இணைய அடையாளக் கணக்கு) மறைச்சொல்லையும் கொடுத்திருக்கிறான். பணமும் வரவில்லை, இப்போது கணக்கும் முடங்கிவிட்டது. "ஏதோ பிசினஸ்னு சொன்னாங்கம்மா, எனக்கு ஒன்னும் தெரியாது" என்கிறான். தெரியாமல் செய்ததும் குற்றமா? (ஓர் அம்மா, உட்லண்ட்ஸ்)

பதில்: ஆமாம், குற்றமாகலாம். இதை உங்களிடம் மென்று விழுங்கிச் சொல்வதில் பயனில்லை. முன்பெல்லாம், வந்தது மோசடிப் பணம் என்று கணக்குக்காரருக்குத் தெரியும், அல்லது சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியிருந்தது. "தெரியாது" என்ற ஒரே பதிலில் பலர் தப்பினார்கள். அதனால்தான் 2023இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது, 2024 பிப்ரவரியில் அது நடப்புக்கு வந்தது. கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று விசாரிக்காமல் கணக்கைக் கொடுத்தாலே இப்போது சிக்கல்தான். அதற்கு 50,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சிங்பாஸைக் கொடுத்தது தனிக் குற்றம், அதற்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இது போதாதென்று, 2025 நவம்பரில் நிறைவேறிய சட்டம் இப்படிக் கணக்கும் சிம்மும் கொடுத்து மோசடிக்கு உதவுவோருக்கு 12 பிரம்படி வரை விதிக்கவும் நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது.

சரி, இப்போது என்ன செய்வது? கணக்கு முடங்கியிருக்கிறது என்றால் காவல்துறை ஏற்கெனவே அதைப் பார்த்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், அதனால் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டும்வரை காத்திருக்காமல் நீங்களே மகனை அழைத்துக்கொண்டு அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுங்கள். டெலிகிராம் உரையாடலில் ஒரு வரியைக்கூட அழிக்க வேண்டாம், பயத்தில் பிள்ளைகள் முதலில் செய்வது அதைத்தான், அவன் ஏமாற்றப்பட்டான் என்று காட்ட அவனிடம் இருப்பதே அந்த உரையாடல்தானே! சிங்பாஸ் மறைச்சொல்லை உடனே மாற்றுங்கள். அப்புறம், அவன் பெயரில் வேறு வங்கிக் கணக்கோ கைப்பேசி இணைப்போ திறக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், சிங்பாஸ் கிடைத்துவிட்டால் அவர்கள் ஒரு கணக்கோடு நிற்பதில்லை. கணக்கை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது இப்போது தொடர்புகொண்டால் அதுவும் மோசடிதான். சந்தேகம் வந்தால் 1799க்கு அழையுங்கள், மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண், நாள் முழுவதும் இயங்கும்.

வாக்குமூலம் கொடுக்கும்போது அவன் நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். வீட்டில் சொல்லிக்கொடுத்த கதை வேண்டவே வேண்டாம். சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போகலாம், குற்றம் சாட்டப்பட்டு, வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2022 முதல் அரசின் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் இருக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவர்கள் விஷயத்தில் நீதிமன்றம் மறுவாழ்வுக்குத்தான் பொதுவாக முன்னுரிமை தரும். உத்தரவாதம் இல்லை, ஆனால் நம்பிக்கை வைக்க அது நியாயமான காரணம். இன்னொன்று, அவனைத் திட்டுவதை இந்த வாரம் தள்ளிப்போடுங்கள். பயந்த பிள்ளை பாதியை மறைப்பான், அந்தப் பாதிதான் வழக்கில் அவனுக்கு எதிராக நிற்கும்.

கேள்வி: துவாஸில் தங்கும் விடுதியில் இருக்கிறேன். என் வேலை அனுமதி அட்டையில் ஒரு சிம் எடுத்துக் கொடுத்தால் 50 வெள்ளி தருவதாக ஒரு நண்பர் சொல்கிறார். கொடுக்கலாமா அண்ணா? (கட்டுமான ஊழியர்)

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. 2025 ஜனவரி 1 முதல் இதற்கும் தனிச் சட்டம் உண்டு, 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லி நிற்பது ரொம்பக் கடினம். இங்கே ஒருவர் பெயரில் 3 ப்ரீபெய்டு சிம்தான் எடுக்கலாம், அதனால்தான் அவர்களுக்கு உங்கள் அட்டை தேவைப்படுகிறது. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லி இன்றைக்கே அந்த எண்ணை நிறுத்துங்கள், காவல்துறையிலும் சொல்லிவிடுங்கள். அந்த எண்ணிலிருந்து யாரை ஏமாற்றினாலும் விசாரணை முதலில் வருவது உங்கள் அறைக்குத்தான்.