விடை சரி, வழி எங்கே?

வணக்கம் ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்புத் தேர்வில் ஒரு கணக்கு: ‘20 சதவீதத் தள்ளுபடி போக ஒரு புடவை 960 ரூபாய்க்கு விற்கப்பட்டது. குறித்த விலை என்ன?’ அவள் 1200 என்று விடையை மட்டும் எழுதினாள். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். அதே வகுப்பில் படிக்கும் என் அண்ணன் மகன் வரிவரியாக எழுதி 1152 என்று தப்பாக முடித்திருக்கிறான், அவனுக்கும் இரண்டு. எப்படிப் போட்டாய் என்று மகளைக் கேட்டால், “960ஐ நாலால் வகுத்தேன், வந்ததைக் கூட்டினேன்” என்கிறாள். எழுதிக் காட்டச் சொன்னால் 960 ÷ 4 = 240 + 960 = 1200 என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாள். விடை தெரிந்த பிள்ளை எதற்காகப் படிப்படியாக எழுத வேண்டும்?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் போட்டது அருமையான கணக்கு. முதலில் அதை அவளிடம் சொல்லிவிடுங்கள். 20 சதவீதம் என்பது ஐந்தில் ஒரு பங்கு. அது போனால் மிச்சம் நாலு பங்கு. நாலு பங்கு 960 என்றால் ஒரு பங்கு 240, ஐந்து பங்கு 1200. 80க்கு 960 என்றால் 100க்கு எவ்வளவு என்று போகும் வழக்கமான வழியைவிட இது குறுக்கு வழி, நேர்மையான குறுக்கு வழி.

உங்கள் அண்ணன் மகன் 960இல் 20 சதவீதம் கண்டுபிடித்திருப்பான். அது 192. அதை 960உடன் கூட்டினால் 1152. பெருக்கல், கூட்டல் எல்லாம் சரி. அவன் எழுதாமல் விட்ட ஒரு வரியில்தான் பிழை இருக்கிறது: எதன் 20 சதவீதம்? கடைக்காரர் தள்ளுபடி கொடுப்பது குறித்த விலையில். ‘தள்ளுபடி = குறித்த விலையில் 20 சதவீதம்’ என்று முதல் வரியாக எழுதியிருந்தால், குறித்த விலைதான் தெரியாதே, அங்கே 960ஐ எப்படி வைப்பது என்று அவன் பேனா நின்றிருக்கும்.

இரண்டு பிள்ளைகளும் எழுதாமல் விட்டது அந்த ஒரே வரியைத்தான். அவள் மனதில் அது இருந்தது, அவன் மனதில் இல்லை. இருவருக்கும் ஒரே மதிப்பெண் போட்டதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அவளைக் கூப்பிட்டு ‘ஏன் நாலால் வகுத்தாய்?’ என்று கேட்டிருக்கலாம்.

ஆனாலும் அவள் எழுதத்தான் வேண்டும். நாளைக்கே தள்ளுபடி 25 சதவீதம் என்று கணக்கு மாறும். இருபத்தைந்து என்றாலே கால் பங்கு, நாலு என்று கை ஓடும். அங்கே மிச்சம் மூன்று பங்கு. 960ஐ மூன்றால் வகுக்க வேண்டும், விடை 1280. பங்கை எழுதிப் பார்க்கும் பிள்ளைக்கு இந்தக் குழப்பம் வராது.

அவளுடைய ஒற்றை வரியையும் பாருங்கள். முதல் சமக்குறிக்கு இடப்பக்கம் 240, வலப்பக்கம் 1200. பல பிள்ளைகள் அந்தக் குறியை ‘அடுத்து விடை வருகிறது’ என்பதற்கான அடையாளமாகவே நினைக்கிறார்கள். 1557இல் ராபர்ட் ரெக்கார்டு என்ற கணித அறிஞர் அச்சில் கொண்டுவந்த குறி அது. ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான வேறு இரண்டு பொருள்கள் கிடையாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். சமன்பாடுகளில் இருபுறமும் ஒன்றைக் கூட்டு, ஒன்றைக் கழி என்று வரும்போது, இந்தப் பழக்கம் உள்ள பிள்ளை திண்டாடிப்போகும். இப்போதே மாற்றிவிடுங்கள்.

அவள் வழியை அப்படியே எழுதினால் நாலு வரிதான்:

தள்ளுபடி = குறித்த விலையில் 5இல் 1 பங்கு
விற்ற விலை = 4 பங்கு = 960 ரூபாய்
1 பங்கு = 960 ÷ 4 = 240 ரூபாய்
குறித்த விலை = 5 பங்கு = 5 × 240 = 1200 ரூபாய்

இதற்குக் கீழே, யாரும் கேட்காவிட்டாலும், சரிபார்க்கும் வரி ஒன்று வேண்டும். 1200இல் 20 சதவீதம் 240, கழித்தால் 960. அண்ணன் மகனும் தன் 1152ஐ இப்படிச் சோதித்திருந்தால் 230.40 போக 921.60 என்று வந்திருக்கும். தன் பிழையைத் தானே பிடித்திருப்பான். நான் ஆசிரியராக இருந்தால் இந்த வரிக்குத் தனியாக ஒரு மதிப்பெண் வைப்பேன்.

இருவரையும் சேர்த்து உட்காரவைத்து இந்தக் கணக்கைக் கொடுங்கள்: முதலில் 20 சதவீதத் தள்ளுபடி, மீதி விலையில் மேலும் 10 சதவீதம், கடைசியில் கொடுத்தது 720 ரூபாய், குறித்த விலை என்ன? மொத்தம் 30 சதவீதம் என்று யாராவது தொடங்கினால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பத்து எதன் பத்து சதவீதம் என்று மட்டும் கேளுங்கள்.